ஏழு அங்கே, ஒன்று இங்கே

ஊமத்தை, ஆடுதின்னாப்பாளை, நித்தியகல்யாணி. வெள்ளாடு வாய் வைக்காத செடிகள் எவை என்று கொங்கு நாட்டில் ஆடு மேய்ப்பவர்களைக் கேட்டால் இப்படிச் சில பெயர்கள் வரும். கிளுவை வேலி முள்ளுக்குள் மூக்கை நுழைத்துத் தளிரைப் பறிக்கிற பிராணி, வாசலில் பூத்து நிற்கும் நித்தியகல்யாணியை மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். அந்த நித்தியகல்யாணிக்கு நெருங்கிய உறவுச் செடி ஒன்று நம் மானாவாரிக் காடுகளில் களையாக முளைக்கிறது. பட்டியலில் அதன் பெயர் வராது. அதை ஒரு தனிச் செடியாக யாரும் கவனிப்பதில்லை. களைக்கொத்துக்கு அகப்பட்ட மற்றப் பூண்டுகளோடு சேர்ந்து வரப்பில் போய் விழும்.

மழைக்கு முளைத்து, பூத்து, காய்த்து, ஓராண்டுக்குள் முடிந்துபோகிற சின்னச் செடி அது. முழங்கால் உயரம் வந்தாலே அதிகம். தண்டு நாலுபட்டையாக இருக்கும். இலை ஒடுங்கி நீண்டு, நுனி கூராக முடியும். விளிம்பை விரலால் தடவினால் சொரசொரக்கும். இலைக்கக்கத்தில் ஒன்றோ இரண்டோ வெள்ளைப் பூக்கள், ஐந்து இதழ், விரல் நகத்தின் அகலம். பூ உதிர்ந்ததும் அந்த இடத்தில் மெல்லிய இரண்டு காய்கள் ஜோடியாக நிமிர்ந்து நிற்கும். சில ஊர்களில் இதை மிளகாய்ப்பூண்டு என்கிறார்கள். வேறு செடிகளுக்கும் அந்தப் பெயர் வழங்குவதால், தாவரவியலார் சொல்லும் கேத்தராந்தஸ் பியூசில்லஸ் என்ற பெயரையும் இங்கே ஒருமுறை எழுதி வைக்கிறேன்.

இது மழைக்காட்டுச் செடி இல்லை. ஆனைமலையின் மேலே, வால்பாறைப் பக்கம், ஆண்டுக்கு மூவாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. அதே மலை மறைத்துக்கொள்வதால் கீழே உடுமலைப் பக்கத்துச் சமவெளிக்கு அதில் நாலில் ஒரு பங்குதான் எட்டும். அந்தக் காய்ச்சல் நிலம்தான் இதற்கு உகந்தது. இந்தியாவின் வறண்ட சமவெளிகளிலும் இலங்கையிலும் இயற்கையாக வளர்கிறது.

இனி இதன் குடும்பக் கதை. கேத்தராந்தஸ் என்ற பேரினத்தில் மொத்தம் எட்டு இனங்கள். அவற்றில் ஏழு மடகாஸ்கர் தீவுக்கு மட்டுமே சொந்தம். உலகில் வேறெங்கும் அவை தாமாகத் தோன்றியதில்லை. இன்று வெப்ப நாடுகளெங்கும் பூக்கும் நித்தியகல்யாணியும் அந்த ஏழில் ஒன்றுதான். எட்டாவது, நம் களைக்கொத்தில் மாட்டுகிற இந்தப் பொடிச் செடி. நடுவே கிடப்பது ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இந்தியப் பெருங்கடல்.

இதைக் கேட்டதும் விடை நாக்கு நுனிக்கு வந்துவிடும்: ஒரு காலத்தில் இந்தியாவும் மடகாஸ்கரும் ஒரே நிலமாக ஒட்டிக்கொண்டிருந்தன அல்லவா? இருந்தன. ஆனைமலையிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறை போகிறவர்கள் சாலையோரம் வெட்டப்பட்ட பாறையைப் பார்த்திருப்பார்கள். இந்த மலைத்தொடரில் பரவலாகக் கிடைக்கும் கருமை ஓடிய கடினப் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் 1693இல் இறந்த ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் அவர் பெயரையே அதற்கு வைத்துவிட்டார். அந்தக் கல் சென்னைப் பல்லாவரத்திலிருந்து போனது. நம்மூர்க் கல்லுக்குக் கல்கத்தாக் கல்லறையில் பெயர் கிடைத்திருக்கிறது.

ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கண்டங்கள் ஒன்றோடொன்று மோதி கோண்டுவானா என்ற பெருநிலம் உருவானபோது, பூமியின் ஆழத்தில் வெந்து இறுகிய பாறைகள் இவை. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே, ஆனைமலையும் கொடைக்கானல் மலையும் அடங்கிய நிலத்துண்டின் பாறைகளைப் போன்றவை, அதே காலத்தில் வெந்தவை, மடகாஸ்கரின் தென்பாதியில் இருக்கின்றன. பழைய வரைபடத்தை ஒட்டவைக்கும் புவியியலாளர்கள் இவ்விரண்டையும் அருகருகே வைக்கிறார்கள். ஆக, ஆனைமலைக்கு மேற்கே ஒரு காலத்தில் அரபிக்கடல் இல்லை. அங்கே மடகாஸ்கர் இருந்தது.

இரண்டும் பிரிந்தது ஏறக்குறைய 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன். பிரிந்தபோது பொங்கிய எரிமலைக் குழம்பின் மிச்சத்தை உடுப்பிக்கு அருகே செயின்ட் மேரித் தீவுகளில் இன்றும் பார்க்கலாம். சீவி நட்டதுபோல் நிற்கும் அந்தக் கல்தூண்களின் வயது அந்தப் பிரிவின் வயதோடு ஒத்துப்போகிறது.

எனவே மிளகாய்ப்பூண்டு, நிலம் பிளந்தபோது இந்தியப் பக்கம் தங்கிவிட்ட பிள்ளை என்று முடிவு கட்டத் தோன்றும். கதை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கு உதைக்கிறது. அரளி, எருக்கு, நித்தியகல்யாணி எல்லாம் அடங்கிய குடும்பத்துக்குள் கேத்தராந்தஸ் மிகப் பிற்பாடு கிளைத்த சிறு கிளை. நிலம் பிரிந்த காலத்தில் இந்தப் பேரினமே பிறந்திருக்கவில்லை. பிறக்காத பிள்ளை எப்படிக் கப்பலேறும்?

நிலத்தோடு மிதந்து வந்த உயிர் எப்படி இருக்கும் என்பதற்கும் இதே மலையில் உதாரணம் உண்டு. மூக்கு நீண்ட, உப்பிய, ஊதா நிறத் தவளை. ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் கழித்துவிட்டு மழைக்கு மட்டும் மேலே வருவது. 2003இல் எஸ். டி. பிஜுவும் ஃபிராங்கி போசூயிட்டும் இடுக்கி மாவட்டத்திலிருந்து அதை உலகுக்கு அறிவித்தார்கள். பிறகு ஆனைமலையிலும் பதிவானது. உயிரோடிருக்கும் அதன் மிக நெருங்கிய உறவினர்கள் செஷல்ஸ் தீவுகளில் வாழும் குட்டித் தவளைகள். அந்த இரு கிளைகளும் பிரிந்து பத்துக் கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது என்று மரபணுக் கணக்கு சொல்கிறது. நிலத்தின் காலக்கணக்கோடு அது பொருந்துகிறது. உப்புநீரில் தவளை பிழைப்பது அரிது என்பதும் அந்த வாதத்துக்குத் துணை.

மிளகாய்ப்பூண்டுக்கு அந்தக் கணக்கு பொருந்தாததால் மிஞ்சுவது ஒரே வழி: அதன் மூதாதை கடலைத் தாண்டியிருக்க வேண்டும். இதில்தான் சுவாரசியம். எருக்கின் விதைக்குப் பஞ்சு உண்டு, காற்றில் பறக்கும். கேத்தராந்தஸ் விதைக்கு அது கிடையாது. பறவை தின்று கொண்டுபோக ஒரு சதைக்கனியும் இல்லை. கறுப்பாக, கடுகைவிடச் சற்று நீண்ட வெற்று விதை. எறும்பு இழுத்துப் போகும், வெள்ளம் அடித்துப் போகும், அவ்வளவுதான். ஆனாலும் லட்சக்கணக்கான ஆண்டுகள் கையில் இருந்தால் ஒரே ஒரு முறை நடந்தால் போதும். இதே கடலை வேறு செடிகளும் தாண்டியிருக்கின்றன. ஆனைமலைப் புல்வெளிகளிலும் பாறை ஓரங்களிலும் நீலமாகப் பூக்கும் எக்ஸாகம் என்ற செடிக்கூட்டம் மடகாஸ்கரிலிருந்து இலங்கை, தென்னிந்தியப் பகுதிக்குக் கடல் கடந்தே வந்தது என்று 2005இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது.

பெரிய செடி வந்த வழி வேறு. நித்தியகல்யாணியை மனிதர்களே ஏற்றி வந்தார்கள். மடகாஸ்கரிலிருந்து போன விதை பாரிஸ் அரசத் தோட்டத்தில் முளைத்து, அங்கிருந்து லண்டனின் செல்சி மூலிகைத் தோட்டத்துக்குப் போய், அங்கே பிலிப் மில்லர் அதை வளர்த்தார். 1759இல் லின்னேயஸ் அதற்கு வின்கா ரோசியா என்று பெயரிட்டார். அழகுச் செடி என்பதால் கப்பல் போன துறைமுகமெல்லாம் அதுவும் போனது. போன இடத்தில் தோட்டத்தோடு நிற்கவில்லை. வேலியோரம், சுடுகாடு, ரயில் பாதை, கடற்கரை மணல் என்று தண்ணீர் ஊற்றாத இடமாகப் பார்த்துக் குடியேறியது. ஆனைமலை ஊரில் மாசாணியம்மன் கோயிலுக்கு வருகிறவர்கள் வழியில் இதைப் பார்க்காமல் போக முடியாது. சிலருக்குப் பூசைப்பூ, சிலருக்குச் சுடுகாட்டுப்பூ.

அதே வின்கா என்ற பெயர் கொண்ட உறவுச் செடி ஒன்றை, பெரிய வின்காவை (வின்கா மேஜர்), சார்லஸ் டார்வினும் விட்டுவைக்கவில்லை. இங்கிலாந்தில் அது பூத்ததே தவிரக் காய்க்கவில்லை. பூவின் குழலுக்குள் மகரந்தப் பைகள் மேலே இருக்கின்றன, அவற்றுக்கு அடியில் சூல்முடி. அந்தச் சூல்முடியிலும் மகரந்தத்தை ஏற்கும் பகுதி கீழ் விளிம்பில் ஒளிந்திருக்கிறது. நீண்ட நாக்குள்ள பூச்சி உள்ளே நுழைத்து வெளியே இழுத்தால்தான் வேலை நடக்கும். டார்வின் ஒரு மெல்லிய மயிரைப் பூக்குள் விட்டு எடுத்து, பூச்சி செய்வதைத் தானே செய்தார். காய் பிடித்தது. 1861இல் தோட்டக்காரர்களுக்கான ஒரு வார இதழில் இதை எழுதினார். நம் வாசல் நித்தியகல்யாணிக்கு அந்த வேலையைப் பட்டாம்பூச்சி கூலி கேட்காமல் செய்கிறது.

இனி ஆட்டிடம் திரும்பலாம். ஆடு ஏன் தொடுவதில்லை? கசப்பு என்பது பாதி விடைதான். நித்தியகல்யாணியின் உடலில் நூற்றுக்கும் மேற்பட்ட அல்கலாய்டுகள் இருக்கின்றன. நம் மிளகாய்ப்பூண்டிலும் இதே வகை நச்சுகள்தான். அவற்றைச் செடி தயாரிக்கும் முறை ஆச்சரியமானது. வேலை இலை நரம்புக்குள், உணவு ஓடும் குழாய்களை ஒட்டிய செல்களில் தொடங்குகிறது. பாதி முடிந்த சரக்கு அங்கிருந்து இலையின் மேல்தோல் செல்களுக்குப் போகிறது. அங்கே சில படிகள். கடைசிக் கட்டம் இலைக்குள் ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் வேறு சிறப்புச் செல்களில் நடந்து அங்கேயே சேமிக்கப்படுகிறது. ஒரே இலைக்குள் மூன்று பட்டறைகள், முப்பதுக்கு மேற்பட்ட படிகள்.

நடுவழியில் உருவாகும் ஸ்ட்ரிக்டோசிடின் என்ற பொருளில் ஒரு பொறி இருக்கிறது. அதை ஒரு சர்க்கரைத் துணுக்கோடு சேர்த்துச் செல்லின் ஒரு பைக்குள் பூட்டி வைக்கிறது செடி. அந்தச் சர்க்கரையை வெட்டும் நொதியோ அதே செல்லின் கருவுக்குள் தனியாக இருக்கிறது. இரண்டும் சந்திப்பதில்லை. புழு இலையைக் கடித்துச் செல் கிழியும்போது இரண்டும் கலக்கின்றன. வெற்றிலையும் சுண்ணாம்பும் வாய்க்குள் சேரும்போதுதானே சிவக்கிறது? அதுபோல் கடித்த வாயிலேயே நச்சு பிறக்கிறது. புரதங்களைப் பிடித்து ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும் பொருள் அது. பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் 2010இல் இதை விளக்கியபோது அணுகுண்டு என்ற உவமையைக் கையாண்டார்கள். நொதி ஒளிந்திருப்பது செல்லின் அணுக்கருவில் என்பதால் அவர்களுக்கு அந்தச் சிலேடை வாய்த்தது.

இந்த நஞ்சு மருந்தான கதை தற்செயலால் நிறைந்தது. கனடாவில் கிளார்க் நோபிள் என்ற மருத்துவருக்கு 1952இல் ஜமைக்காவிலிருந்து ஓர் உறை வந்தது. உள்ளே நித்தியகல்யாணி இலைகள் இருபத்தைந்து. ஜமைக்காவில் இன்சுலின் கிடைக்காதபோது சர்க்கரை நோயாளிகள் இந்த இலையைக் கொதிக்கவைத்துக் குடிக்கிறார்கள் என்று ஒரு குறிப்பு. இந்த கிளார்க் நோபிள், 1921இல் இன்சுலினைக் கண்டுபிடித்த பான்ட்டிங்குக்கு உதவியாளராக வேண்டியவர். இரண்டு மாணவர்களில் யார் முதலில் போவது என்று காசு சுண்டியதில் தோற்று, வாய்ப்பைச் சார்லஸ் பெஸ்டிடம் விட்டவர். அவர் அந்த இலைகளைத் தம்பி ராபர்ட் நோபிளிடம் அனுப்பினார். ராபர்ட், மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர்.

ராபர்ட் கஷாயத்தை எலிகளுக்கு வாய்வழி கொடுத்தார். சர்க்கரை அசையவில்லை. சாற்றை ஊசியாகச் செலுத்தினார். எலிகள் ஒரு வாரத்துக்குள் செத்தன. பலரும் இந்த இடத்தில் ஆய்வை மூடிவிட்டுப் போயிருப்பார்கள். அவர் செத்த எலிகளை அறுத்துப் பார்த்தார். உடலெங்கும் நோய்த்தொற்று. தொற்றை எதிர்க்க வேண்டிய வெள்ளணுக்கள் சரிந்திருந்தன. அவற்றை உற்பத்தி செய்யும் எலும்பு மஜ்ஜை முடங்கியிருந்தது. வெள்ளணுக்கள் கட்டுமீறிப் பெருகுவதுதான் ரத்தப் புற்றுநோய். அப்படியானால் வெள்ளணுவை ஒடுக்கும் இந்தச் சாறு அங்கே பயன்படுமே என்று எண்ணம் ஓடியது. வேதியியலாளர் சார்லஸ் பியர் சேர்ந்துகொண்டு அந்தப் பொருளைத் தனியே பிரித்தெடுத்தார். 1958இல் வெளியான அந்த முடிவில் இருந்ததுதான் வின்பிளாஸ்டின்.

அதே காலத்தில் அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்தில் கார்டன் ஸ்வோபோடாவின் குழுவும் இதே செடியைச் சோதித்துக்கொண்டிருந்தது. அவர்களுக்கு வந்ததும் சர்க்கரை நோய்க் கதைதான், ஆனால் பிலிப்பைன்ஸிலிருந்து. ரத்தப் புற்றுநோய் வைத்த எலிகள் இந்தச் சாற்றால் கூடுதல் நாள் உயிர் வாழ்ந்தன. அவர்கள் பிரித்த வின்கிரிஸ்டின் 1963இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இரண்டு மருந்துக்கும் மூலக்கூறில் உள்ள வேறுபாடு அற்பம்: வின்பிளாஸ்டினில் ஓர் இடத்தில் இரண்டு ஹைட்ரஜனை எடுத்துவிட்டு ஓர் ஆக்சிஜனை வைத்தால் வின்கிரிஸ்டின். ஆனால் ஆளும் நோய்கள் வேறு. வின்பிளாஸ்டின் ஹாட்ஜ்கின் வகை நிணநீர்ப் புற்றுக்கு. வின்கிரிஸ்டின் குழந்தைகளின் ரத்தப் புற்றுக்கு. அறுபதுகளுக்கு முன் அந்த நோய் வந்த குழந்தை பிழைப்பது அரிது. இன்று பல மருந்துகளைச் சேர்த்துத் தரும் முறையில், நல்ல மருத்துவ வசதி உள்ள நாடுகளில் பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கிறார்கள். அந்தக் கூட்டு மருந்தில் வின்கிரிஸ்டின் இன்றும் இருக்கிறது.

அது செய்வது இதுதான். செல் இரண்டாகப் பிரியும்போது, குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்க டியூபுலின் என்ற புரதத் துண்டுகளைக் கோத்து நுண்ணிய இழைகளைக் கட்டுகிறது. மருந்து அந்தத் துண்டுகளில் ஒட்டிக்கொண்டு கோக்க விடாது. பிரிவு பாதியில் நின்று செல் சாகும். வேகமாகப் பெருகும் செல்லுக்கு அடி பலமாக விழும். புற்றுச்செல்லும் அப்படிப்பட்டது, எலும்பு மஜ்ஜையும் அப்படிப்பட்டது. ராபர்ட்டின் எலிகள் செத்த காரணம் இதுவே. நரம்புகளும் நீண்ட தம் உடலுக்குள் இதே இழைகளை நம்பியிருப்பதால், வின்கிரிஸ்டின் எடுத்துக்கொள்வோருக்குக் கைகால் மரத்துப்போவதும் உண்டு.

மடகாஸ்கருக்கு இதில் என்ன கிடைத்தது என்ற கேள்வி தாவர வளங்களின் உரிமை பற்றிய விவாதங்களில் ஓயாமல் வரும். ஒன்றும் பெரிதாகக் கிடைக்கவில்லை. ஆனால் செடி தீவை விட்டு வெளியேறி இருநூறு ஆண்டுகள் ஆன பிறகு, தடயம் ஜமைக்காவிலும் பிலிப்பைன்ஸிலும் கிடைத்தது என்பதால் யாருக்கு எவ்வளவு பங்கு என்று பிரிப்பது சுலபமில்லை. தமிழ்நாட்டுக்கு அது ஒரு பயிர். தென் மாவட்டங்களின் வறண்ட நிலங்களில் பயிரிட்டு இலையையும் வேரையும் விற்கிறார்கள். வேரிலிருந்து அஜ்மலிசின் என்ற, ரத்த ஓட்டத்துக்கான மருந்து கிடைக்கிறது. கோவையின் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் சாகுபடி முறைகளை வெளியிட்டிருக்கிறது. நிர்மல், தவல் என்ற வெள்ளைப்பூ ரகங்கள் பெயர்பெற்றவை.

இலையில் மருந்தின் அளவோ சொற்பத்திலும் சொற்பம். ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க ஐந்நூறு கிலோ காய்ந்த இலைக்கு மேல் வேண்டும். அதனால்தான் செடியின் முப்பது படிகளையும் வேறு உயிரில் ஏற்ற முடியுமா என்று பல ஆய்வகங்கள் முயன்றன. விட்டுப்போயிருந்த கடைசி நொதிகள் 2018இல் பிடிபட்டன. 2022இல் அமெரிக்காவில் ஜே கீஸ்லிங்கின் குழு, ரொட்டி மாவைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட்டில் ஐம்பத்தாறு மரபணு மாற்றங்கள் செய்து, வின்பிளாஸ்டினின் இரு பாதிகளையும் ஈஸ்ட்டையே தயாரிக்க வைத்தது. இரண்டையும் பிறகு ஆய்வகத்தில் இணைத்தார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு யாராவது வாசல் பூவைப் பறித்துக் கஷாயம் போடக் கிளம்பினால் அது என் பாவத்தில் சேரும். சர்க்கரைக்கு நித்தியகல்யாணிக் கஷாயம் நல்லது என்ற பேச்சு நம் ஊர்களிலும் பலமாக உண்டு. குடிக்கிறவர் வயிற்றுக்குள் போவது நூறு விதப் பொருள்களின் அளவு தெரியாத கலவை. மருத்துவமனையில் வின்கிரிஸ்டின் மில்லிகிராம் கணக்கில், ரத்தப் பரிசோதனை பார்த்து, சிரை வழியே மட்டும் ஏற்றப்படுகிறது.

மிளகாய்ப்பூண்டுக்கு இந்தப் புகழ் எதுவும் இல்லை. பார்க்க விரும்புகிறவர்கள் மழைக்காலம் முடியும் தறுவாயில், பொள்ளாச்சிக்குக் கிழக்கே வெயில் படும் மானாவாரிக் காடுகளில் தேடலாம். வெள்ளைப் பூவை மட்டும் நம்பினால் வேறு பூண்டுகளோடு குழம்பிப்போகும். நாலுபட்டைத் தண்டு, சொரசொரப்பான கூரிலை, நிமிர்ந்த இரட்டைக் காய் மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் கோவையிலேயே இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல அலுவலகம் இருக்கிறது. பழைய மெட்ராஸ் மூலிகையகத்தின் உலர் செடித் தாள்கள் அங்கேதான் உள்ளன. ஆனைமலைச் செடிகளைப் பற்றி 1921இல் விரிவாக எழுதிய வன அதிகாரி சி. இ. சி. ஃபிஷர் போன்றவர்களின் உழைப்பு சேர்ந்த இடம் அது. காட்டில் இதைக் கண்டுகொண்டவர்களுக்கு ஒரு வேலையும் உண்டு: வெட்டிய களையை மாட்டுக்கு அள்ளிப் போடுவதற்கு முன் இதைப் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். நிற்கிற செடியை மாடு ஒதுக்கும். மற்றப் புல்லோடு கலந்து தொட்டியில் கிடந்தால் ஒதுக்கும் என்று சொல்ல முடியாது.